இடது செருப்பும் ரிவர்ஸ் கியரும்

மேளம் நின்றுவிட்டது. எனக்கு முதலில் உறைத்தது அதுதான்.

மாசி மகம். புதுப்பட்டினம் குப்பத்துக்குப் போகிற மண் பாதையில், சவுக்குத் தோப்பு முடிகிற இடம். கூப்பிடு தூரத்தில் கடல். என் பழைய டீசல் ஜீப்பின் பின்பக்கத்தில் எங்கள் ஊர் அம்மன், வாழைத் தண்டு கட்டி, சாமந்தியும் அரளியுமாக ஜொலிக்கிறாள். முன்பக்கத்தில் நான். கியர் கம்பியை இழுக்கிறேன், தள்ளுகிறேன், தடவிக் கொடுக்கிறேன், காதும் காதும் வைத்தாற்போல் கெஞ்சுகிறேன். அது அசையவில்லை.

எதிரே வந்த ஷேர் ஆட்டோவுக்கு வழிவிட ரெண்டடி பின்னால் எடுத்தேன். அவ்வளவுதான். ஆட்டோ போய்விட்டது, ரிவர்ஸ் போகவில்லை. கிளட்சை விட்டால் ஜீப் ஊரைப் பார்த்துத்தான் நகர்கிறது. கடலைப் பார்த்து ஓர் அங்குலம் போக மாட்டேன் என்கிறது.

"இன்னா மச்சான், வண்டி மூச்ச வுட்டுடுச்சா?"

ஏழுமலை. கோயில் பூசாரி, எனக்கு மச்சான் முறை. நான் மூக்குடைபடுகிற இடத்திலெல்லாம் முதல் வரிசையில் நிற்கும் பாக்கியம் பெற்றவர்.

"ரிவர்ஸ்ல மாட்டிக்கிச்சி. அஞ்சே நிமிஷம்."

"ராகு காலம் பொறக்க அரமணி நேரந்தான் கீது. அதுக்குள்ள தீர்த்தவாரி முடியணும். முடியலன்னா சொல்லு, பசங்க தோள்ல தூக்கிகினு போயிடுவானுங்க."

நான் பூசாரியைப் பார்க்கவில்லை. ஜீப்புக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றிருந்த என் மனைவி மல்லிகாவைப் பார்த்தேன். காலையில் அவள் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தாள்: "அம்மன கடல்ல கொண்டுபோய் சேத்துச்சின்னா இந்த வண்டி வூட்ல இருக்கட்டும். அம்மன எறக்கி வேற யாராவது தூக்கற மாதிரி ஆச்சி, திங்கக்கெழம செங்கல்பட்டு இரும்புக் கடைக்காரன் வந்து இட்டுனு போவான்."

சொன்னால் செய்கிறவள். கடைக்காரனின் நம்பரைக்கூடத் தன் போனில் 'ஜீப்' என்ற பெயரிலேயே வைத்திருந்தாள்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒரு ஊதா ரப்பர் துண்டு. அதை வைத்தது நான். அது எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

பின் சீட்டு உத்தியோகம்

ஏணியிலிருந்து விழுந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். படித்துவிட்டு, 'உங்களுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை' என்று கேட்டவர்கள் இந்த வாரம் பக்கத்தைப் புரட்டிவிடுவது நல்லது. இது அதைவிட வேண்டாத வேலை.

நில அளவை அலுவலகத்தில் எனக்குச் சங்கிலி பிடிக்கிற வேலை. அதனால் ஊரில் என் பெயரே 'செயினு' ஆகிப்போனது. அசல் பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது.

அலுவலக ஜீப்பில் முன் சீட்டு அதிகாரிக்கு. பின்னால் எதிரெதிராக இரண்டு பலகை. ஒன்றில் நான், இன்னொன்றில் சங்கிலியும் குத்துக்கற்களும். பின்பக்கம் கதவு கிடையாது, படுதாவையும் சுருட்டிக் கட்டியிருப்பார்கள். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் எந்த ஊரையும் நான் வரும்போது பார்த்ததில்லை; அது எங்களை விட்டுப் போகும்போதுதான் பார்த்திருக்கிறேன். ஊர்ப் பெயர்ப் பலகையின் முதுகு எனக்கு அத்துப்படி. புழுதி முழுவதும் என் மூக்குக்குள்தான்.

பல வருடம் கழித்து அதே மாதிரி ஜீப் ஒன்று ஏலத்துக்கு வந்தது. நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து, மல்லிகாவின் சமையலில் திருத்தம் சொல்லிக்கொண்டிருந்த காலம். ஜீப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். நேராகப் போய் முன் சீட்டில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் இறங்கவே இல்லை.

"வண்டி ஓடலியா?" என்று மல்லிகா கேட்டாள்.

"ஓடும். இப்ப ஒக்காந்துகினு கீறேன்."

"சமையல் கட்டுக்கு வராம இருந்தா எவ்ளோ நேரம் வேணா ஒக்காரு."

அந்த ஜீப்பின்மேல் அவளுக்கு இருந்த ஒரே நல்லெண்ணம் அது ஒன்றுதான்.

உப்புக் காற்றும் வெள்ளை நாயும்

கடலோரத்தில் பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு எதிரி வேறு யாருமில்லை, காற்றுதான். ராத்திரி பளபளவென்று துடைத்து வைத்த போல்ட்டு காலையில் காவி கட்டியிருக்கும். இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வைத்தியம் உண்டு. எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலை வண்டியின் அடிவயிறு முழுக்கப் பெயிண்ட் பிரஷ்ஷால் பூசிவிடுவது. பூசினேன். துரு நின்றது. ஆனால் ஜீப்புக்கு அடியில் படுக்கும் தெருநாய் ஒன்று இருந்தது, சுத்த வெள்ளை. அது ஒரே வாரத்தில் முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை என்று ஆகிவிட்டது. அடுத்த தெருக்காரர்கள் புது நாய் வந்திருக்கிறது என்று நினைத்துத் துரத்தினார்கள்.

எல்லாவற்றையும் போனில் வீடியோ பார்த்துத்தான் கற்றேன். என் குருநாதர் ஒரு மலையாளி. அவர் பேசுவதில் பாதி புரியாது, கை போகிற திசையை மட்டும் பார்ப்பேன். வண்டி விளக்கைப் புதுசாக்கிய அன்று அவர் கை எங்கேயோ போயிருக்கிறது, என் கண் எங்கேயோ போயிருக்கிறது. பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஆடியது. மழைக்காலத்தில் அடிக்கடி பிரேக் போட்டுச் சமாளித்தேன்.

முன் பம்பர் பழைய போர்வெல் குழாயில் செய்தது. பெயிண்ட் எங்கள் வீட்டு கேட்டுக்கு அடித்ததில் மிச்சம். கேட்டுக்கு முன்னால் நிறுத்தினால் ஜீப் எது, கேட் எது என்று தெரியாது. தண்ணி கேன் போடுகிறவன் ஒருநாள் ஜீப்பைத் தள்ளித் திறக்கப் பார்த்தான்.

இதற்கெல்லாம் நடுவில் எனக்கு ஒரே மரியாதை செங்கல்பட்டு மெக்கானிக் காதர் பாயிடம்தான். நான் செய்துவைத்ததை அவிழ்த்துவிட்டு மறுபடி பூட்டுவார். சிரிக்க மாட்டார். அதுதான் மரியாதை.

பழி சுமந்த எலி

தை மாதத்தில் கியர் கம்பி லொடலொடவென்று ஆட ஆரம்பித்தது. கம்பியின் அடிநுனி உட்காருகிற இடத்தில் ஒரு சின்ன புஷ் இருக்கிறது, மோதிரம் மாதிரி. அது தேய்ந்து தூளாகியிருந்தது. காதர் பாய்க்குப் போன் போட்டேன்.

"அந்த புஷ் இங்க கெடைக்காது அண்ணாத்த. புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைல சொல்லி வெச்சிகிறேன். பத்து நாள் பொறுத்துக்கோ. நீயா கை வெச்சிடாத."

கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ரப்பர் தேவை. கெட்டியாகவும் இருக்க வேண்டும், மெத்தென்றும் இருக்க வேண்டும். என் செருப்பு டயர் செருப்பு, கத்தி இறங்கவில்லை. வாசலில் மல்லிகாவின் புது ரப்பர் செருப்பு கிடந்தது. ஊதா நிறம், நல்ல கனம். இடது செருப்பின் குதிகாலில் ஒரு ரூபாயை வைத்து, பேனாவால் சுற்றி வரைந்து, வெட்டி எடுத்தேன். அந்த வட்டத்தின் நடுவில் ஒரு துளை போட்டுக் கம்பியில் மாட்டினேன். முப்பது வருடம் நிலத்தை அளந்த கை. வட்டம் கோழிமுட்டை வடிவத்தில் வந்தது. ஆனால் கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது.

அன்று சாயங்காலமே, "ந்தா, என் செருப்புல இன்னா ஓட்ட?" என்றாள்.

"எலி."

"எலி எங்கியாவது வட்டமா கடிக்குமா?"

"பெரிய எலி போல கீது."

எலிப்பொறியில் கருவாட்டைக் கட்டி வைத்தாள். மூன்றாம் நாள் ஒன்று மாட்டியது. சின்னது, ஒல்லியானது, செருப்பு என்றால் என்னவென்றே அறியாத முகம். "தே பார், செருப்பு துன்ன மூஞ்சிய!" என்று மல்லிகா அதைத் திட்டிய திட்டை நான் அடுப்படி வாசலில் நின்று முழுசாகக் கேட்டேன். ஏரிக்கரையில் கொண்டுபோய் விடும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். திறந்துவிட்டதும் அது ஓடாமல் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தது. நான்தான் முதலில் தலையைத் திருப்பினேன்.

வாய் சும்மா இருந்திருக்கலாம்

வருஷா வருஷம் அம்மன் டிராக்டரில்தான் கடலுக்குப் போவாள். இந்த முறை டிராக்டர்காரர் வீட்டில் ஒரு சாவு, தீட்டு. கோயிலில் எல்லாரும் யோசித்துக்கொண்டிருந்தபோது என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"நம்ம ஜீப்பு கீதே. மணல்ல கூட போவும். ஃபோர் வீலு!"

"நீ ஓட்டுவியா, நாங்க தள்ளணுமா?" என்றார் ஏழுமலை.

காலையில் அலங்காரம் நடந்தபோது இன்னொரு சிக்கல் வந்தது. ஜீப்பில் முன்பக்கம் சீட்டு மறைக்கிறது. பின்பக்கம்தான் திறப்பு, கற்பூரம் காட்டுவதென்றாலும் அங்கேதான் காட்ட வேண்டும். ஆகவே அம்மனைப் பின்பக்கம் பார்த்து உட்கார வைத்தார்கள். அதாவது, நான் முப்பது வருஷம் உட்கார்ந்த அதே இடத்தில்.

"கடலுக்குப் போற அம்மன் வூட்ட பாத்துகினு போவுதே" என்று ஏழுமலை முணுமுணுத்தார். ஊரும் முணுமுணுத்தது. வேறு வழி இல்லை. எண்ணெய்ப் பிசுக்கோடு இரும்பு எதுவும் அம்மன் காலடியில் இருக்கக் கூடாது என்று என் டூல்ஸ் பெட்டியை இறக்கி வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டார்கள்.

மல்லிகா, திரும்பும்போது வெயில் ஏறிவிடும் என்று தன் செருப்பை மஞ்சள் பையில் சுற்றி என் சீட்டுக்கு அடியில் செருகினாள்.

"அம்மன் வண்டில செருப்பா?"

"பின்னாடி அம்மனோடது. முன்னாடி நம்மளோடது. கம்னு ஓட்டு."

ஆக, வெட்டுப்பட்ட செருப்பும் வெட்டிய துண்டும் ஒரு முழ இடைவெளியில், ஒன்றையொன்று அறியாமல், கடலுக்குப் புறப்பட்டன.

ஸ்பீக்கரில் போட்ட போன்

இனி சவுக்குத் தோப்புக்குத் திரும்புவோம். மேளக்காரர்கள் பீடி பற்றவைத்துவிட்டார்கள். நாலு பையன்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தோள் கொடுக்கத் தயாராக வந்து நின்றார்கள். நான் காதர் பாய்க்குப் போன் போட்டேன். அவசரத்தில் விரல் எங்கேயோ பட்டு ஸ்பீக்கர் ஆன் ஆகிவிட்டது.

"பாய், கியரு ரிவர்ஸ்ல மாட்டிக்கிச்சி."

"இன்னும் புஷ்ஷே வரலியே அண்ணாத்த. எதுல ஓட்டிகினு கீற?"

ஊரே காதைத் தீட்டிக்கொண்டு கிட்ட வந்தது.

"ஒரு... ரப்பர் போட்டேன்."

"இன்னா ரப்பரு?"

"நல்ல ரப்பரு."

"அட, எதுலேர்ந்து எடுத்தன்னு கேக்கறேன். டியூபா? வாஷரா?"

"அந்த மாதிரிதான்."

"கலரு இன்னா?"

காதர் பாய் விடவில்லை. "அண்ணாத்த, கலர சொல்லு. கருப்புன்னா தாங்கும். கலர் ரப்பர்னா ஆயில்ல ஊறி உப்பிடும். கம்பி தடம் மாறி மாட்டிக்கும். இன்னா கலரு?"

"ஊதா."

மல்லிகா என்னைப் பார்க்கவில்லை. மெதுவாகக் குனிந்து என் சீட்டுக்கு அடியில் இருந்த மஞ்சள் பையைப் பார்த்தாள். நிமிர்ந்து கியர் கம்பியைப் பார்த்தாள். அப்புறம் கடலைப் பார்த்தாள். கடல் பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.

"மேல நாலு போல்ட்டு. அவுத்து, ஸ்குரு டிரைவரால நெம்புனா வந்துடும்."

"டூல்ஸ் வூட்ல கீது பாய்."

"அப்ப நான்தான் வரணும். ஒருமணி நேரம் ஆவும்."

பையன்கள் அம்மனைக் கட்டியிருந்த கயிற்றில் கை வைத்தார்கள். எனக்கு இரும்புக் கடைக்காரனின் முகம் தெரிந்தது. நான் பார்த்ததே இல்லாத முகம், ஆனாலும் தெரிந்தது.

அப்போது போனுக்குள்ளிருந்து காதர் பாய் கேட்டார்: "ரிவர்ஸ் மட்டும் போவுதா?"

"அது நல்லா போவுது பாய்."

"சாமி எந்தப் பக்கம் பாத்துகினு கீது?"

நான் வாயைத் திறக்குமுன் ஏழுமலை சொன்னார்: "பின்னாடி."

"அப்புறம் இன்னா பேஜாரு? சாமி கரெக்டாதான் ஒக்காந்துகினு கீது. வண்டியும் கரெக்டாதான் போவுது. அண்ணாத்த ஒருத்தர்தான் தப்பா ஒக்காந்துகினு கீறாரு."

அம்மன் முன்னால், நான் பின்னால்

முதலில் சிரித்தது மேளக்காரர்கள். கடைசியில் சிரித்தது ஏழுமலை. சிரித்து முடித்ததும் பையன்களைப் பார்த்து, "கயித்த வுடுங்கடா" என்றார்.

வண்டி திரும்ப வேண்டும். பக்கத்தில் குப்பத்துக்காரர்கள் வலை காயப்போடும் திடல். "இன்னா நைனா, ஜீப்பு வெச்சி வலையில மீன் புடிக்கப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு பேர் வலைகளைச் சுருட்டி இடம் கொடுத்தார்கள். நான் இறங்கி ஒரு குச்சியால் நாலு டயரிலும் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன். மணலில் போவதற்கு முன் இப்படிச் செய்ய வேண்டும். மலையாளி குருநாதர் சொன்னதில் நான் சரியாகப் புரிந்துகொண்டது அது ஒன்றுதான். ஃபோர் வீல் கம்பியைப் போட்டேன். அது தனிக் கம்பி. அதில் நான் கை வைத்ததில்லை, அதனால் நன்றாக வேலை செய்தது.

பின்னாலேயே ஊர்ந்து, திடலில் அரை வட்டம் அடித்து, ஜீப்பின் முதுகைக் கடலுக்குக் காட்டினேன். இப்போது அம்மனுக்கு நேரே கடல். ஊர் ஒரு சத்தம் போட்டது. மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது.

எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. கழுத்தைத் திருப்பினால் வாழைத் தண்டு. கண்ணாடியைப் பார்த்தால் சாமந்தி. வழி சொல்ல ஆள் வேண்டும். யாரும் கூப்பிடாமல் மல்லிகா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள்.

"வா... வா... சோத்தாங்கை பக்கம் ஒடி. போதும்! எங்க பாத்துகினு கீற? என் சத்தத்த கேளு!"

நான் பின்னால் போக, என்னைப் பார்த்தபடி அவளும் பின்னால் போனாள். மணல் வந்தது. சக்கரம் ஒரு தடவை வெறுமனே சுழன்றது. என் உயிரும் ஒரு தடவை சுழன்றது. "நிறுத்தாத! நிறுத்துன, அவ்ளோதான்!" என்று மல்லிகா கத்தினாள். அவள் சொன்னது மணலுக்காகவா, திங்கட்கிழமைக்காகவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மிதித்தேன். பிடித்துக்கொண்டது. ஜீப் முனகிக்கொண்டே ஈர மணலில் இறங்கியது.

முதல் அலை அம்மனைத் தொடுவதற்குள், கடலுக்கு முதுகைக் காட்டி நின்ற மல்லிகாவை முழங்கால் வரை நனைத்தது. "ஐயோ!" என்றாள், சிரித்தாள். ஏழுமலை அம்மனை இறக்கிக் கடலில் முக்கி எடுத்தார். ராகு காலம் பிறக்க இன்னும் எட்டு நிமிஷம் இருந்தது.

நான் எஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். எதிரே சவுக்குத் தோப்பு, பாதை, நாங்கள் வந்த ஊர். முன் சீட்டுக்கு ஆசைப்பட்டு வாங்கிய வண்டியில், கடைசியில் மறுபடியும் நான் விட்டு வந்த வழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் மூக்கில் புழுதி இல்லை. உப்பு வாசனையும் கற்பூர வாசனையும் இருந்தன.

ஊறிய சாட்சி

அம்மன் திரும்பும்போது குப்பத்துக்காரர்களின் மினி லாரியில் போனாள். போகிற வழிக்குத்தானே பந்தயம், வருகிற வழிக்கு இல்லையே என்று நான் மனசுக்குள் சட்டம் பேசிக்கொண்டேன்.

காதர் பாய் பைக்கில் வந்தார். நாலு போல்ட்டை அவிழ்த்து, உள்ளே விரலை விட்டு, எதையோ எடுத்தார். அது இரண்டு பங்காக உப்பி, வழவழவென்று, வேகவைத்த கத்திரிக்காய்த் துண்டு மாதிரி இருந்தது. சிரிக்காத மனிதர், அன்றும் சிரிக்கவில்லை. அதை மரியாதையாக என் மனைவியிடம் நீட்டினார்.

மல்லிகா மஞ்சள் பையிலிருந்து இடது செருப்பை எடுத்தாள். ஓட்டையில் அந்தத் துண்டை வைத்து அழுத்திப் பார்த்தாள். நுழையவில்லை.

"எலி நல்லா மென்னு துப்பிக்கீது" என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். ஈர மணலில் அவளுடைய இடது காலடி ஒவ்வொன்றிலும், குதிகால் பக்கம் கோழிமுட்டை வடிவத்தில் ஒரு சின்ன மேடு எழும்பியது. பாதை வரைக்கும் எழும்பியது. நான் அதன் பின்னாலேயே போனேன்.

திங்கட்கிழமை வந்தது. இரும்புக் கடைக்காரன் வரவில்லை. கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. அன்றைக்குச் சமையலில் ஒரு திருத்தமும் சொல்லாமல் சாப்பிட்டேன். புதன்கிழமை காதர் பாய் கொடுத்தனுப்பிய அசல் புஷ்ஷோடு ஜீப்புக்குப் போனேன். முன் சீட்டில் ஒரு ரப்பர் செருப்பு இருந்தது. ஊதா. வலது கால்.

"மல்லிகா, இது இன்னா?"

சமையல் கட்டிலிருந்தே பதில் வந்தது. "ஒரு கால் பள்ளம், ஒரு கால் மேடு. நடந்தா இடுப்பு வலிக்குது. அதுலயும் ஒண்ணு வெட்டிக்கோ. வண்டில ஸ்பேர் இருக்கணும்ல?"

செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். குதிகாலில் பேனாவால் ஏற்கனவே வட்டம் போட்டு வைத்திருந்தாள். நான் போட்டதைவிட வட்டமாக இருந்தது.